வயிற்றுப் பிள்ளைக்கு இதயக் குறை: சோதனைக்குப் போனால் நம்பிக்கை இல்லை என்றாகுமா?

காவிரிக்கரை மருமகள்:
எனக்கு இது 22வது வாரம். ஃபீட்டல் எக்கோவில், அதாவது வயிற்றுப் பிள்ளையின் இதய ஸ்கேனில், டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ என்ற பிறவி இதயக் கோளாறு என்று உறுதியாகிவிட்டது. பனிக்குட நீர் சோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். வீட்டில் மாமாவுக்கு வேறு குடல் புற்றுநோய், கீமோ ஓடுகிறது. அத்தை திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதி எண்ணெய் வாங்கி வந்திருக்கிறார். "அம்பாள்கிட்ட ஒப்படைச்சாச்சு, இன்னும் எதுக்கு ஊசி குத்திப் பார்க்கணும்?" என்கிறார். கணவர் வாயே திறப்பதில்லை. எனக்கும் அம்பாள்மேல் நம்பிக்கை உண்டு, அதனால்தான் குழப்பம்.

மலைக்கோட்டை அம்மா:
என் மகனுக்கும் இதே கோளாறுதான். கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்குப் போகும் பாதையில் சுருக்கம். ஒரு வயதுக்குள் ஆபரேஷன் ஆனது. இப்போது பள்ளிக்கூடம் போகிறான், மாடிப்படியில் என்னை முந்துகிறான். ஆனாலும் வால்வு கசிவுக்காக ஆயுசுக்கும் செக்கப் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீர் சோதனை எதற்கு என்றால், இந்தக் கோளாறுள்ள சில பிள்ளைகளுக்கு 22வது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இருக்காது. சோதனையால் கரு கலையும் அபாயம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதைக் கேட்டுவிட்டு நீங்களே முடிவெடுங்கள்.

"டாக்டர் ரூபத்தில் கடவுள் வருவார்" என்று ஆறுதல் சொல்ல நிறையப் பேர் வருவார்கள். எனக்கு அதைக் கேட்டாலே எரிச்சல் வரும். அந்த மாதங்களில் நான் விளக்கேற்றுவதையே விட்டுவிட்டேன். மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவரே ஏற்றினார், தாயுமானவருக்கு வாழைத்தார் வேண்டிக்கொண்டார். ஆபரேஷனுக்கு முன்னால் ஒருநாள் குழந்தை அழுது அழுது நீலம் பாரித்துவிட்டான். நான் உறைந்து நின்றேன். டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அவன் முழங்கால்களை நெஞ்சோடு மடக்கிப் பிடித்தது அவர்தான், வாயில் "முருகா, முருகா" ஓடிக்கொண்டே இருந்தது. அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் பேசும்போதெல்லாம் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்ததால்தான் அவருக்கு அது தெரிந்திருந்தது. உங்கள் அத்தையையும் கூட்டிப்போங்கள். புருஷனுக்குக் கீமோ, மருமகளுக்கு இப்படி. பாவம், பிடித்துக்கொள்ள அவருக்கும் ஏதாவது வேண்டாமா?

வார்டு சிஸ்டர்:
கோயில் எண்ணெய் விளக்கெண்ணெய். வயிற்றில் மெல்லத் தடவுங்கள், குடிக்க மட்டும் வேண்டாம். வயிற்றுப்போக்கும் கர்ப்பப்பைச் சுருக்கமும் வரலாம். அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: கீமோ ஏற்றி இரண்டு நாளைக்கு மாமாவின் வாந்தி, சிறுநீர், அழுக்குத் துணியை நீங்கள் தொடாதீர்கள். கணவர் கையுறை போட்டுச் செய்யட்டும், வாய் திறக்காவிட்டாலும் பரவாயில்லை. பிரசவத்தைக் குழந்தை இதய டாக்டர் உள்ள இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கருவைத் தொடர்வதா என்ற யோசனை இருந்தால் 24 வாரத்துக்குள் பேசிவிடுங்கள். அதற்குமேல் மருத்துவ வாரியத்திடம்தான் போக வேண்டும்.

காவிரிக்கரை மருமகள்:
கலைக்கும் எண்ணம் இல்லை சிஸ்டர். மாமாவின் துணியை இத்தனை நாள் நான்தான் துவைத்தேன், இன்றே கணவரிடம் சொல்லிவிட்டேன். அத்தை டாக்டரிடம் வருகிறேன் என்றிருக்கிறார், "ஊசிக்குச் சம்மதம்னு அர்த்தம் இல்லை" என்ற கண்டிஷனோடு. சரி, வரட்டும். மலைக்கோட்டை அக்கா, ஆபரேஷனுக்கு முதலமைச்சர் காப்பீடு கிடைத்ததா? எந்தக் காகிதமெல்லாம் கேட்டார்கள்?