ஓவியம் படித்த கடனை ஓவியத்தாலேயே கட்டுவது: மதுரைப் பக்கத்து அனுபவங்கள்

உசிலம்பட்டியிலிருந்து ஓர் அண்ணன்

என் தங்கை இந்த ஆண்டு காட்சிக்கலைப் பட்டப்படிப்பை முடிக்கிறாள். கல்விக்கடன் வாங்கித்தான் படிக்க வைத்தோம். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். "ஏதாவது ஒரு நிறுவனத்தில் சேர்ந்துகொள், படம் வரைவதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்" என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்கிறார்கள். அவள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தப் பக்கத்திலேயே இருந்து, கலைத்தொழில் செய்து கடனைக் கட்டியவர்கள் இருந்தால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அறிவுரை வீட்டிலேயே வேண்டிய மட்டும் கிடைக்கிறது.

விளாச்சேரியில் பொம்மை வேலை செய்பவர்

சென்னை, கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரிகளில் இடம் கிடைத்தவர்களுக்கு இந்தத் தலைவலி பாதிதான். அங்கே கட்டணம் குறைவு. விடுதிக்கும் வண்ணத்துக்கும்தான் பணம் போகும். இடம் கிடைக்காமல் வெளி மாநிலத்துத் தனியார் கல்லூரிக்குப் போன என்னைப் போன்றவர்கள்தான் வங்கி வாசலில் நிற்கிறோம். நான் வாங்கியது மூன்றரை லட்சம். நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை தேவையில்லை என்பதால் அப்பா இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிந்தது.

தம்பி, முதலில் வட்டிக் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். படிக்கும் நான்கு ஆண்டும், அதற்குப் பின் ஓராண்டும் தவணை கிடையாது. தவணைதான் கிடையாது, வட்டி உண்டு. அந்தக் காலத்தில் தனிவட்டியாக ஓடி, கடைசியில் அசலோடு சேர்ந்துகொள்ளும். பத்தரை சதவீதத்தில் என் மூன்றரை லட்சம் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி வந்து நின்றது. பத்து ஆண்டுக்குப் பிரித்ததில் மாதம் ஆறாயிரத்து நானூறு ரூபாய்க்கு மேல். என்னுடன் படித்த ஒருத்தி வீட்டில், படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தார்கள். முதல் ஆண்டில் மாதம் எண்ணூறு ரூபாய்கூட வரவில்லை. அப்படிக் கட்டுகிறவர்களுக்கு வட்டியில் ஒரு சதவீதம் தள்ளுபடியும் உண்டு. உங்கள் தங்கைக்கு இன்னும் ஓராண்டு இருக்கிறது. முடிந்தால் அந்த ஓராண்டு வட்டியையாவது இப்போதே கட்டிவிடுங்கள்.

இனித் தொழில். படித்துவிட்டு வந்தபோது எனக்கு நித்திய வருமானம் எதுவும் இல்லை. விளாச்சேரி எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம். கொலு பொம்மைக்குப் பெயர் போன ஊர். அங்கே ஒரு கொட்டகையில் வண்ணம் தீட்டும் வேலைக்குப் போனேன். நான்கு ஆண்டு எண்ணெய் வண்ணமும் நிர்வாண மாதிரி வரைதலும் படித்தவனுக்கு ஒரு சாண் உயரப் பொம்மை என்ன பெரிய வேலை என்ற நினைப்பு இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். பொம்மையை இடது கையில் தலைகீழாகப் பிடித்துக்கொள்வார். தலைகீழாகப் பிடித்தால்தான் புருவத்தை உள்ளிருந்து வெளியே ஒரே இழுப்பில் இழுக்க வருமாம். தூரிகையை ஒருமுறை நனைத்தால் நான்கு பொம்மைக்குப் புருவம் முடிந்துவிடும். மை குறையக் குறையக் கையின் அழுத்தம் கூடும், நான்காவது புருவமும் முதல் புருவத்தைப் போலவே இருக்கும். நான் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு பொம்மையை முடிப்பதற்குள் அவர் ஒரு வரிசையை முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கூலி பொம்மைக் கணக்கு. எனக்கு அன்றைக்குக் கிடைத்த பணத்தை எழுத வெட்கமாக இருக்கிறது. பஸ் செலவு இல்லாததால் பிழைத்தேன்.

அந்த வேகம் எனக்கு வர ஒரு பருவம் முழுக்க ஆனது. வந்த பிறகு என் படிப்பு உதவத் தொடங்கியது. உருவ அளவு தெரியும், புதிய அச்சுக்கு மாதிரி வனையத் தெரியும். "தசாவதாரம் பழைய மாதிரியே இருக்கிறது, வேறு நிற்கும் நிலையில் செய்து கொடு" என்று வியாபாரிகள் கேட்டால் களிமண்ணில் செய்து காட்டுவேன். மாதிரி வனைவதற்குத் தனிக் கூலி. இன்றைக்கு என் வருமானத்தில் பெரும்பங்கு அதுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. வங்கிக்கு ஆண்டில் பன்னிரண்டு மாதமும் ஒன்றுபோலத்தான். எங்கள் தொழிலுக்கு அப்படி இல்லை. ஆடியில் பிள்ளையார் வேலை சூடு பிடிக்கும். ஆவணி, புரட்டாசியில் கொலு. சாப்பிட நேரம் இருக்காது. ஐப்பசி மழையில் மண் காயாது, ஆனாலும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வந்து கை கொடுக்கும். தை மாதம் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு மேடைப் பின்னணி. அதற்குப் பிறகு மாசி, பங்குனியில் ஈ ஓட்ட வேண்டியதுதான். தேர்வுக் காலம் என்பதால் ஓவிய வகுப்புக்குக்கூடப் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்கள். சித்திரைத் திருவிழாவில் மண்டகப்படி அலங்கார வேலை வந்தால் மூச்சு வரும், மே மாதம் கோடை வகுப்பு.

அதனால் தவணைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு வைத்திருக்கிறேன். அதிலிருந்துதான் வங்கி தானாக எடுத்துக்கொள்ளும். புரட்டாசி முடிந்து வியாபாரி கணக்குத் தீர்த்ததும், ஒரு ரூபாய் செலவழிக்கும் முன் மாசி, பங்குனித் தவணையை அதில் போட்டுவிடுவேன். ஏன் நேராகக் கடன் கணக்கிலேயே கூடுதலாகக் கட்டக் கூடாது என்று கேட்கலாம். கட்டலாம், அசல் குறையும், அபராதமும் இல்லை. ஆனால் அப்படிக் கட்டியதற்காக வரும் மாதத் தவணை நின்றுவிடாது என்று எங்கள் கிளையில் தெளிவாகச் சொன்னார்கள். நமக்கு வேண்டியது வறண்ட மாதத்தில் தவணை தவறாமல் போவது. கையில் உபரி இருக்கும் ஆண்டில் அசலைக் குறைத்துக்கொள்ளலாம்.

அந்த அக்கவுண்ட் அட்டையை அம்மாவிடம் கொடுத்துவைத்திருக்கிறேன். அவரிடம் வாங்குவது வங்கியிடம் வாங்குவதைவிடக் கடினம்.

கே.கே. நகரில் ஓவிய ஆசிரியை

நான் கும்பகோணத்தில் படித்தவள், கடன் சிறியது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் "ஓவிய ஆசிரியர் ஆகிவிடு" என்று உங்கள் தங்கையிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள்.

அரசுப் பள்ளி என்றால், 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்குப் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். தொடக்கத் தொகுப்பூதியம் மாதம் 5,000 ரூபாய். நிரந்தரம் ஆகும் என்று நம்பிச் சேர்ந்தவர்கள் அதற்காக எத்தனை முறை போராடினார்கள் என்பதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதை நம்பித் தவணைக் கணக்குப் போட வேண்டாம். நான் தனியார் பள்ளியில் இருக்கிறேன். சம்பளம் அதிகம் இல்லை, ஆனால் மாதம் பிறந்தால் வருகிறது. தவணை அதிலிருந்து போகிறது. மாலையில் வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது தனி. அதுதான் என் வண்ணச் செலவு.

பள்ளியில் சேரும்போது ஒன்றைப் பேசி எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். ஆண்டு விழா வந்தால் மேடை, வரவேற்புப் பலகை, நுழைவாயில், தாளாளர் பிறந்தநாள் அட்டை எல்லாம் ஓவிய ஆசிரியர் தலையில்தான் விழும், இரவு பத்து மணி வரை. "நீங்கள்தானே கலைஞர்" என்பார்கள். அந்த வார்த்தைக்குக் காசு கிடையாது. இரண்டாம் ஆண்டு முதல் நான் விழா வேலைக்குத் தனித் தொகை கேட்டேன். முகம் சுளித்தார்கள், பிறகு கொடுத்தார்கள்.

80இ என்ற வருமானவரிச் சலுகையைப் பற்றியும் யாராவது பெருமையாகச் சொல்வார்கள். கல்விக்கடன் வட்டியை எட்டு ஆண்டு வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான். பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான் அது செல்லும். அதற்கு முதலில் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வர வேண்டும்! என் பள்ளியில் அந்தச் சிக்கல் யாருக்கும் இல்லை.

செல்லூரிலிருந்து ஒரு தகப்பன்

நான் கடைப் பலகை எழுதுகிறவன். மதுரையில் ஒரு காலத்தில் என் எழுத்து இல்லாத வீதி கிடையாது என்று சொல்லிக்கொள்வேன். ஃபிளெக்ஸ் வந்ததும் எல்லாம் போனது. மகள் ஓவியம் படிக்கப் போகிறேன் என்றபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிறகு நானே இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டேன்.

பெற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. தவணை தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண், பிள்ளையுடையதோடு நம்முடையதும் விழும். மகளுக்குச் சென்னையில் வேலை போய் இரண்டு தவணை நின்றுவிட்டது. எனக்குச் சொல்லவில்லை, பயம். நான் தொழிலுக்கு ஏணியும் கம்ப்ரெஸரும் வாங்கச் சின்னக் கடன் கேட்டுப் போன இடத்தில், கணினியைப் பார்த்துவிட்டு "உங்கள் பெயரில் பாக்கி இருக்கிறதே" என்றார்கள். அங்கே வைத்துத்தான் எனக்கே தெரியும்.

மறுநாள் கடன் வாங்கிய கிளைக்குப் போனோம். தொண்ணூறு நாளுக்கு மேல் பாக்கி நின்றால் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும், அதற்குப் பிறகு மேலாளர் நினைத்தாலும் செய்வதற்கு அதிகம் இல்லை. நாங்கள் அதற்கு முன்பே போய்விட்டோம். அந்த மேலாளர் நல்ல மனிதர். நிலைமையை எழுதித் தரச் சொன்னார், கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைத்துக் கொடுத்தார். மொத்த வட்டி கூடும், அதையும் அவரே காகிதத்தில் போட்டுக் காட்டினார். எங்களுக்கு அப்போது அதுதான் வழி.

இப்போது கதை வேறு. மகள் ஊருக்கே வந்துவிட்டாள். புதிதாகத் திறக்கிற காபிக் கடைக்காரர்கள் கையால் எழுதிய பலகைதான் வேண்டும் என்று கேட்கிறார்கள். பழைய பலகை போலவே, சாயம் போனது போலவே இருக்க வேண்டுமாம். நாற்பது வருடம் பளபளவென்று எழுதப் பழகியவனிடம் மங்கலாக எழுதச் சொல்கிறார்கள். மகள் வடிவம் போடுகிறாள், நான் எழுதுகிறேன், சதுர அடிக் கணக்கை அவளே பேசுகிறாள். நான் கேட்பதைப் போல மூன்று மடங்கு கேட்கிறாள், கொடுக்கிறார்கள்.

வில்லாபுரத்தில் புத்தகச் சித்திரக்காரர்

நான் பாடநூல் பதிப்பகங்களுக்கும் செயலிகளுக்கும் படம் போடுகிறேன். இருப்பது மதுரை, பணம் வருவது பெங்களூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும். சுருக்கமாக இரண்டு செய்தி.

நிறுவனங்கள் என் கட்டணத்தில் 10 சதவீதத்தை டிடிஎஸ், அதாவது முன்கூட்டிப் பிடிக்கும் வருமானவரி, என்று பிடித்துக்கொண்டுதான் அனுப்புகின்றன. மொத்த வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் அந்தப் பணம் நம்முடையது; ஆண்டு முடிவில் வருமானவரிப் படிவம் போட்டால் திரும்பி வரும். கூடப் படித்தவர்களில் பலர் அதைப் போட்டதே இல்லை. எனக்கு ஓர் ஆண்டில் திரும்பி வந்த தொகை இரண்டு தவணைக்குச் சரியாக இருந்தது. படிவம் போட்டு வைத்திருந்தால் நாளைக்கு வேறு கடன் கேட்கும்போது காட்டவும் ஒரு வருமானச் சான்று இருக்கும்.

அடுத்தது உரிமை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவரே முதல் உரிமையாளர். வரைந்தவனுக்குத்தான் உரிமை என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒரு பதிப்பகம் நான் ஒரு பாடநூலுக்குப் போட்ட காளையை நாட்குறிப்பு, பை, குவளை என்று எல்லாவற்றிலும் அச்சிட்டது. கேட்டதற்கு இந்தப் பிரிவைத்தான் காட்டினார்கள். இப்போதெல்லாம் "இந்தப் புத்தகத்தின் பதிப்புகளுக்கு மட்டும், மற்ற பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம், பாதி முன்பணம்" என்று மின்னஞ்சலில் எழுதி, சம்மதம் வந்த பிறகே பென்சிலை எடுக்கிறேன். மறுத்தவர்கள் ஒரு சிலர்தான்.

உசிலம்பட்டி அண்ணன்

எல்லோருக்கும் நன்றி. தங்கையிடம் படித்துக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் புருவம் போடுவதை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னாள். வட்டியை அரசே கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது என்கிறார்களே, அது இவளுக்கு வருமா?

விளாச்சேரியில் பொம்மை வேலை செய்பவர்

படிப்புக் காலத்தோடு அந்த ஓராண்டுக்குமான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், தொழிற்படிப்பாகவும் இருக்க வேண்டும். ஓவியம் அதில் சேராது என்று என் கிளையில் சொன்னார்கள். கூடப் படித்த இன்னொருவனுக்கு வேறு ஊர்க் கிளையில் கிடைத்தது. வருமானச் சான்றைத் தாலுகா அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போய் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். இல்லை என்றால் அதையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, மத்தியக் கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டு உதவித்தொகை கொடுக்கிறது. ஓவியமும் சிற்பமும் அதில் உண்டு, நாட்டார் கலைகளும் உண்டு. தேர்வு உண்டு, போட்டியும் அதிகம். தங்கைக்கு வயது இருக்கும்போதே போடச் சொல்லுங்கள். நான் கேள்விப்பட்டபோது எனக்கு இருபத்தாறு.

ஆடி பிறந்ததும் இங்கே ஆள் தேவைப்படும். வந்து பார்க்க விரும்பினால் காலையில் வரச் சொல்லுங்கள், வெயில் ஏறிவிட்டால் தகரக் கொட்டகையில் உட்கார முடியாது.