தராவாவில் தவறியது ஹிக்கின்ஸ் படகா, திட்டமா?

கடலோடி: இரண்டாம் உலகப் போரில் படைகளைக் கரையிறக்கிய ஹிக்கின்ஸ் படகைப் போரை வென்ற படகு என்கிறீர்களே, நீரோட்டம். 1943 நவம்பர் 20, பசிபிக்கில் தராவாவின் பெசியோ தீவு. அமெரிக்க மரைன்களை (கடல்வழியாகத் தாக்கும் படைவீரர்களை) ஏற்றிவந்த ஹிக்கின்ஸ் படகுகள் பவளப்பாறைத் திட்டில் தட்டி நின்றுவிட்டன. கரைக்கு இன்னும் 500 கெஜத்துக்கு மேல். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நெஞ்சளவு தண்ணீரில், ஜப்பானிய இயந்திரத் துப்பாக்கிகளுக்கு எதிரே நடந்தார்கள். மூன்றே நாளில் சுமார் ஆயிரம் மரைன்கள் செத்தார்கள். பிளைவுட் உடம்பு, முன்னால் எஃகுக் கதவு. இதையா அப்படிச் சொல்கிறீர்கள்?

நீரோட்டம்: ஆமாம், அதைத்தான். 36 பேரை ஏற்றினாலும் பின்பக்கம் தண்ணீருக்குள் இறங்குவது 3 அடிதான். லூசியானா சதுப்புநிலத்தில் எண்ணெய் எடுப்பவர்களுக்கு ஆண்ட்ரூ ஹிக்கின்ஸ் கட்டிய படகின் வாரிசு இது. முகப்பு மணலில் ஏறி உட்காரும். புரொப்பெல்லர் அடியில் குடைந்த பள்ளத்துக்குள் சுற்றுவதால் தரையில் அடிபடாது. ஆட்களை இறக்கிவிட்டுத் தானே பின்வாங்கி அடுத்த நடைக்குக் கிளம்பிவிடும். அன்று பாறை மேல் பல இடங்களில் 3 அடித் தண்ணீர்கூட இல்லை. அரைநிலா, அதோடு நிலவு பூமியை விட்டுத் தள்ளியிருந்த சமயம். அப்போது ஓதம் பலவீனமாக இருக்கும், கடல் ஏறவே இல்லை. அந்தக் கடலை நன்கு அறிந்த மேஜர் ஃபிராங்க் ஹாலண்ட், தண்ணீர் போதாது என்று முன்பே எச்சரித்திருந்தார். படகு என்ன செய்யும்?

பழைய வரைபடம்: ஒரு தகவல். முன்கதவு ஜப்பானியர்களின் யோசனை. 1937இல் ஷாங்காயில் அவர்கள் தரையிறங்கியதை அமெரிக்க மரைன் அதிகாரி விக்டர் க்ருலாக் படம் பிடித்து அனுப்பினார். முதலில் அதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

கடலோடி: எச்சரிக்கை இருந்தும் பின்னால் வந்தவர்களை அதே படகில் அனுப்பினார்களே! முதல் மூன்று படை அலைகள் எல்விடி என்ற, நீரிலும் நிலத்திலும் ஓடும் வண்டியில் போயின. டாங்கி போலப் பட்டைச் சங்கிலி, பாறையில் ஏறிக் கரை வரை போயிற்று. அதை ஏன் எல்லோருக்கும் கொடுக்கவில்லை?

நீரோட்டம்: கையிலிருந்ததே 125தான். அவற்றிலும் பெரும்பாலானவை அங்கேயே நாசமாயின. கூடுதலாக எல்விடி வேண்டும் என்று மரைன் தளபதி ஹாலண்ட் ஸ்மித் (எச்சரித்த மேஜர் ஹாலண்ட் வேறு ஆள்) சண்டை போட்டுத்தான் அதில் ஒரு பகுதியை வாங்கினார். குற்றம் சொல்வதென்றால் தண்ணீர் ஏறிவிடும் என்று நம்பித் திட்டம் போட்டவர்களைச் சொல்லுங்கள்.

கடலோடி: சரி, அப்படியென்றால் 1944 ஜூனில் பசிபிக்கின் சைபான் தீவில் முதல் அலைகளுக்கு நூற்றுக்கணக்கில் எல்விடி ஏன்? பவளப்பாறைக் கரைக்கு ஹிக்கின்ஸ் படகு உதவாது என்று அவர்களே முடிவுசெய்ததுதானே?

நீரோட்டம்: பாறைக்கரைக்கு மட்டும் உதவாது. அதே ஜூனில் பிரான்சில் நார்மண்டியின் மணல்கரையில் படைகளை இறக்கியது இந்தப் பிளைவுட் படகுதான்.