ஜிஎஸ்பி சலுகையில் கையைச் சுட்டுக்கிட்ட அனுபவம் யாருக்காவது உண்டா?

திருப்பூர், டாக்குமெண்டேஷன் வேலை

முதல்ல என் கதையைச் சொல்லிடறேனுங்க. ஜிஎஸ்பின்னா, வளரும் நாடுகள்ல செஞ்ச சரக்குக்குப் பணக்கார நாடுகள் இறக்குமதி வரியைக் குறைக்கிற திட்டம். ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்ப முன்னாடியெல்லாம் ஃபார்ம் ஏ, அதாவது சரக்கு எந்த நாட்டு உற்பத்தின்னு காட்டற சான்றிதழ். பச்சையில நெளிநெளியா கோடு அச்சடிச்ச தாள். டைப் அடிச்சு, சீல் வாங்க ஆள் அனுப்பி, ஒரு எழுத்து தப்பினாலும் மறுபடி முதல்ல இருந்து. 2017ல ரெக்ஸ்ங்கற பதிவு முறை வந்துச்சு. ஒரு பதிவு நம்பர் வாங்கிட்டா, சரக்கு இந்திய உற்பத்திதான்னு இன்வாய்ஸ்லயே நாமளே எழுதிக் கொடுத்துக்கலாம். ஸ்வீட் வாங்கிக் கொடுக்காத குறை.

அடுத்த வருஷம் ஜெர்மனிக்கு ஃப்ளீஸ் புல்ஓவர் ஆர்டர். துணி சீனாவிலிருந்து ரோல் ரோலா வந்து இறங்குச்சு. கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் எல்லாம் நம்ம யூனிட்தான். பழக்க தோஷம், டி-ஷர்ட்டுக்குப் போடற வாசகத்தையே எடுத்து, சுங்கக் குறியீட்டை மட்டும் 6109ல (டி-ஷர்ட்) இருந்து 6110ன்னு (புல்ஓவர்) மாத்தி ஒட்டிட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு விசாரணை வந்துச்சு: நிட்டிங் பில்லைக் காட்டுங்க. எங்க போய்க் காட்ட? என்கிட்ட இருந்தது துணி இறக்குமதி பண்ணின பில் ஆஃப் என்ட்ரி. நூல் வெளிநாட்டுதுன்னா குத்தமில்லையாம். பின்னறதும் தைக்கறதும் ரெண்டுமே இங்க நடந்திருக்கணுமாம்.

அப்ப சாதாரண வரி 12 சதவீதம், சலுகையில 9.6. 40,000 யூரோ இன்வாய்ஸுக்கு 960 யூரோ வித்தியாசம். பையர் டெபிட் நோட் போட்டு அடுத்த பேமெண்ட்ல பிடிச்சுட்டார். வரி மிச்சமாறது அவருக்கு, தப்பானா தண்டம் நமக்கு. முதலாளி ஒரு வார்த்தை பேசலை. அந்த இன்வாய்ஸ் காப்பியை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில சொருகிட்டுப் போயிட்டார். இன்னும் அங்கதான் இருக்கு.

கட்டுநாயக்க (இலங்கை), மேர்ச்சண்டைசர்

அண்ணை, எங்களுக்கு ஐரோப்பாவில ஜிஎஸ்பி பிளஸ் எண்டு கூடுதல் சலுகை, வரி பூச்சியம். மனித உரிமை உடன்படிக்கைகளைச் சரியா நடைமுறைப்படுத்தேல்லை எண்டு 2010 ஓகஸ்ட்டில நிப்பாட்டினவை, 2017 மேயிலதான் திரும்பக் கிடைச்சது. அந்த ஏழு வருசமும் எங்கட கொஸ்டிங் ஷீட்டில (விலைக் கணக்கில) 9.6 சதவீத வரியையும் சேர்க்க வேண்டியிருந்தது. பங்களாதேஷுக்கு அதெல்லாம் இல்லை. வறிய நாடு எண்டபடியால், துணி எங்க வாங்கினாலும் தைச்சாலே காணும், பூச்சியம்.

சலுகை திரும்பின கிழமை எல்லா ஷீட்டையும் திருத்தச் சொல்லிச்சினம். இருந்து திருத்தினால், லைனில ஓடின ஸ்டைலில பாதிக்குச் சீனத்துணி. அதுகளுக்கு முழு 12. உங்கட புல்ஓவர் கதைதான், ஆனா நான் ஷிப்மெண்டுக்கு முதலே கண்டுபிடிச்சிட்டன்.

பல்லாவரம், தோல் பை

எங்க விஷயத்துல தப்பே பண்ணலை சார், அதான் கடுப்பு. 2017ல அமெரிக்கா ஹேண்ட்பேக்கையும் ஜிஎஸ்பியில சேர்த்துச்சு, ஆர்டர் கூடிச்சு. 2019 மே 31 அன்னிக்கு இந்தியாவை நீக்குறதா அறிவிப்பு, ஜூன் 5ல இருந்து அமல். அஞ்சே நாள்! எங்க கன்டெய்னர் நடுக்கடல்ல. கப்பல் ஏறின தேதி செல்லாது, அங்க சுங்கத்துல என்ட்ரி போடுற தேதிதான் கணக்கு. திடீர்னு 9 சதவீதம். (2020 டிசம்பரோட அந்தத் திட்டமே எல்லா நாட்டுக்கும் காலாவதி ஆச்சு, அது வேற.)

பாதி நீங்க, பாதி நாங்கன்னு கடைசியில பையர்கிட்ட பேசி முடிச்சோம். அதுக்கே மூணு ராத்திரி விடிய விடிய வாட்ஸ்அப் கால்.