வெறும் பிளாஸ்டிக்கில் எனாமல் ஓடவிடலாமா? (ஏர்பிரஷ் இல்லாத சாக்கு)

உப்புத்தாள்:
நேற்று சாக்குப்பிரியன் இங்கே இட்ட கண்டாம் பொம்மை (துண்டுகளைக் கோத்துக் கட்டும் பிளாஸ்டிக் ரோபோ) வழிகாட்டியில், ஏர்பிரஷ் (வண்ணத்தைக் காற்றால் தெளிக்கும் கருவி) இல்லாதவர்கள் எனாமல் மையை வெறும் பிளாஸ்டிக்கின் பேனல் கோடுகளில் (கவசத்தில் செதுக்கிய மெல்லிய பள்ளங்களில்) நேரடியாகவே ஓடவிடலாம் என்றும், அதற்குமுன் பளபளப்புப் பூச்சு அடிப்பது வீண்செலவு என்றும் எழுதியிருக்கிறார். ரன்னரிலிருந்து (துண்டுகள் ஒட்டிவரும் சட்டத்திலிருந்து) வெட்டிய தழும்பை 400, 600, 800, 1000 எண் உப்புத்தாள்களால் படிப்படியாகத் தேய்க்கச் சொன்ன பகுதியில் எனக்குக் குறையில்லை. ஆனால் எனாமல் தின்னர் (மையை நீர்க்கவைக்கும் கரைப்பான்) மூட்டுக்குள் கசிந்து, அங்கே இறுக்கமாகச் செருகப்பட்டிருக்கும் முளையைப் பிளந்துவிடும் என்பதை ஒரு வரியாவது சொல்லாமல் புதியவர்களை அனுப்பிவைப்பது நியாயமா?

சாக்குப்பிரியன்:
இதுவரை இருபத்திரண்டு பெட்டிகளைக் கட்டி முடித்திருக்கிறேன். ஒன்றிலும் விரிசல் விழவில்லை. தாமியா நிறுவனத்தின் 40 மில்லி பேனல் மைப் புட்டியின் மூடியிலேயே மெல்லிய தூரிகை இருக்கிறது. அதன் நுனியால் கோட்டில் ஒரு சொட்டு வைத்தால் மை தானாக ஓடிவிடும், மிச்சத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம். புட்டியைக் கவிழ்த்துப் பொம்மையைக் குளிப்பாட்டுகிறவர்களுக்குத்தான் விரிசல் விழும்.

உப்புத்தாள்:
பெயரிலேயே சாக்கை வைத்துக்கொண்டிருப்பவரிடம் வேறென்ன எதிர்பார்க்க முடியும்? என்னுடைய 1/100 அளவு சாக்குவின் (கண்டாம் கதையில் வரும் ஒற்றைக்கண் ரோபோ) முழங்கால் ஒரே சொட்டில் பிளந்தது. நான் குளிப்பாட்டவில்லை.

தூரிகைக்காரி:
இருவருமே பாதி வேலையை மறந்துவிட்டுச் சண்டையிடுகிறீர்கள். ஸ்பாஞ்சுத் துண்டைப் பிய்த்து, அடர்பழுப்பு அக்ரிலிக்கில் தோய்த்து, காகிதத்தில் ஒற்றியெடுத்தபின் கவச ஓரங்களில் தட்டினால் பெயர்ந்த வண்ணம் கிடைக்கும். பென்சில் கரியை விரலால் தேய்த்தால் துப்பாக்கி இரும்பாகிவிடும். இதில் எனாமலுக்கே இடமில்லை. மேலும், பளபளப்புப் பூச்சை ஸ்ப்ரே டப்பாவால் அடிக்கிறவர் “ஏர்பிரஷ் இல்லாமல்” என்று பெருமையடித்துக்கொள்வது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

உப்புத்தாள்:
டப்பா வேறு, ஏர்பிரஷ் வேறு. இங்கே கேள்வி அதுவன்று, முழங்கால்.

சாக்குப்பிரியன்:
முழங்கால், முழங்கால் என்று எத்தனை முறை சொல்வீர்கள்? மாஸ்டர் கிரேடு (1/100 அளவு உயர்தர வகை) பெட்டிகள் பலவற்றில் உள்சட்டகம் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக். அது தின்னருக்கு ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எழுதியதோ வெளிக்கவசத்தைப் பற்றி. 1980 ஜூலையில் பண்டாய் நிறுவனம் 300 யென்னுக்கு முதல் கண்டாம் பெட்டியை வெளியிட்டபோது, வண்ணத்தைத் தனியே வாங்கித் தூரிகையாலேயே தீட்டிய ஜப்பானியச் சிறுவர்கள் பளபளப்புப் பூச்சுக்காகக் காத்திருந்தார்களா?

உப்புத்தாள்:
“வெளிக்கவசம்” என்ற சொல் உங்கள் வழிகாட்டியில் எங்குமே இல்லை, இப்போதுதான் முளைத்திருக்கிறது. வெளிக்கவசமான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கும் செருகிய இடத்தில் இழுவிசையோடுதான் நிற்கிறது. அந்த விசை இருக்கும் இடத்தில் தின்னர் பட்டால், இன்று இல்லாவிட்டாலும் மறுநாள் காலையில் கீறல் தெரியும். லாக்கர் பளபளப்புப் பூச்சை எனாமல் தின்னர் கரைக்காது என்பதால்தான் அதை முதலில் அடிக்கச் சொல்கிறேன். அப்படி அடித்தாலும், துண்டுகளைக் கழற்றிவைத்து மையிட்டு, முழுவதும் உலர்ந்தபின்தான் பொருத்த வேண்டும்.

தூரிகைக்காரி:
அந்த லாக்கர் டப்பாவைத்தானே சென்ற கார்த்திகை மாத மழையில் மாடியில் அடித்து, பொம்மை முழுவதும் வெண்படலம் பூத்த படத்தை இங்கே போட்டீர்கள்? ஈரக்காற்றில் டப்பா அடிக்கக்கூடாது என்று அப்போது நான் சொன்னதற்கு நீங்கள் நன்றிகூடச் சொல்லவில்லை.

உப்புத்தாள்:
அது பளபளப்புப் பூச்சன்று, மேட் (பளபளப்பற்ற) பூச்சு. சொல்வதைத் திருத்தமாகச் சொல்லுங்கள். அதே மேட் பூச்சைக் கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் துண்டுகளோடு சேர்த்தடித்து, சாக்குவின் ஒற்றைக்கண்ணுக்குப் புரை வரவழைத்தவர் யார் என்பதும் இங்கே பலருக்கு நினைவிருக்கும்.

புதுமுகம்:
மன்னிக்கவும். வெதரிங் மாஸ்டர் பொடியை (தூசி, துருத் தோற்றம் தருவது) மேட் பூச்சுக்கு முன் பூச வேண்டுமா, பின்பா?

தூரிகைக்காரி:
பின்பு. மேட் பூச்சின் சொரசொரப்பில்தான் பொடி பிடிக்கும். அதன்மேல் மீண்டும் பூச்சடித்தால் பாதித் தூசி மறைந்துபோகும் என்பதால், கை அதிகம் படாத பாதங்களில் நான் அப்படியே விட்டுவிடுகிறேன்.

உப்புத்தாள்:
புதுமுகம் அவர்களே, பொடிக்கு வருவதற்கு முன் உங்கள் பொம்மைக்குக் கால் இருக்க வேண்டும். சாக்குப்பிரியனின் வழிகாட்டியைப் பின்பற்றினால் இருக்காது.

சாக்குப்பிரியன்:
இருபத்திரண்டு பெட்டிகள், நாற்பத்துநான்கு கால்கள். அத்தனையும் நிற்கின்றன.

உப்புத்தாள்:
அலமாரியில் அசையாமல் நிறுத்திவைத்த கால் நிற்கத்தான் செய்யும். ஒரு முழங்காலை மடக்கிப் படமெடுத்துப் போடுங்கள், பார்க்கலாம்.

சாக்குப்பிரியன்:
உங்களுக்காக என் பொம்மை மண்டியிடாது.

உப்புத்தாள்:
மடக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது.