என்ஜிசி 65 என்றால் அது 63-தானா? புதியவர் காசை எங்கே அனுப்புவது?

தாமிரபரணி:
பாட்டி வைத்துவிட்டுப் போன வெள்ளி ரூபாய்களைத் தரமிட எந்த நிறுவனத்துக்கு அனுப்பலாம் என்று அம்மன்காசு என்ற புதிய நண்பர் நேற்றுக் கேட்டிருந்தார். பிசிஜிஎஸ், என்ஜிசி இரண்டும் காசின் அசல்தன்மையைப் பார்த்து, அதன் நிலைக்கு ஏற்ப எண் போட்டுத் தரும் அமெரிக்க நிறுவனங்கள்; எண் கூடக் கூடத் தரம் கூடும். "பிசிஜிஎஸ் தவிர வேறெங்கும் அனுப்பாதீர்கள், என்ஜிசி 65 என்று போட்டால் அது உண்மையில் 63" என்று வெள்ளிக்காசு ஐயா ஒரே வரியில் தீர்ப்பெழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிசிஜிஎஸ் 1986-இல் வேலையைத் தொடங்கியது, என்ஜிசி 1987-இல் வந்தது. ஷெல்டன் என்பவர் 1949-இல் அமெரிக்கப் பெரிய சென்ட் காசுகளுக்காக வகுத்த அளவுகோலிலிருந்து வளர்ந்த 1 முதல் 70 வரையிலான எண்களைத்தான் இரண்டும் போடுகின்றன. அமெரிக்க நாணயவியல் சங்கம் 1995-இல் தன் அதிகாரபூர்வத் தரமிடும் நிறுவனமாக ஏற்றது என்ஜிசியைத்தான். அந்தச் சங்கத்துக்குத் தெரியாத 63 ஐயாவுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

வெள்ளிக்காசு:
சங்கம் எதை ஏற்றது என்பது எனக்கு வேண்டாம். காசை வாங்குகிறவன் எதை ஏற்கிறான் என்பதே கேள்வி. ஒரே ஆண்டு, ஒரே நாணயச்சாலை, ஒரே 65 என்று இரண்டு ஸ்லாப்களை (தரம் எழுதி முத்திரையிட்ட பிளாஸ்டிக் உறைகளை) ஏலத்தில் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். எதற்குக் கை அதிகம் உயர்கிறது என்று தெரியும். சேகரிப்பவர்கள் தங்கள் தொகுப்புகளைப் பதியும் பட்டியலில் பிசிஜிஎஸ் தன் ஸ்லாப்களைத் தவிர வேறெதையும் சேர்த்துக்கொள்வதில்லை; தன் எண் மீது அவ்வளவு உறுதி இருப்பதால்தான் அப்படி நிற்க முடிகிறது. என்ஜிசி 65 என்றால் 63. இதைச் சொல்ல எனக்கு எந்தச் சங்கத்தின் அனுமதியும் தேவையில்லை.

தாமிரபரணி:
பிறருடைய ஸ்லாப்பைச் சேர்க்காதது வணிகம், உறுதி அன்று. ஜான் அல்பனீஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொடக்கக் காலத்தில் பிசிஜிஎஸ் நிறுவனத்தோடு இருந்தவர் அவர். பின்னர் என்ஜிசியைத் தொடங்கியவரும் அவரே. 2007-இல் சிஏசி என்ற அமைப்பை நிறுவி, ஸ்லாப்பில் இருக்கும் காசு அதன் மேல் எழுதிய தரத்துக்குத் தகுதியானதுதானா என்று மறுபடி பார்த்துப் பச்சை வில்லை (ஸ்டிக்கர்) ஒட்டத் தொடங்கியவரும் அவரே. அந்தப் பச்சை வில்லை பிசிஜிஎஸ் ஸ்லாப்புக்கும் ஒட்டப்படுகிறது, என்ஜிசி ஸ்லாப்புக்கும் ஒட்டப்படுகிறது. என்ஜிசி 65 எல்லாம் 63 என்றால், பச்சை வில்லை ஒட்டிய என்ஜிசி 65 எங்கிருந்து வந்தது?

வெள்ளிக்காசு:
சிஏசி வில்லை ஒட்டுவது அமெரிக்கக் காசுகளுக்கு. நம் ரூபாய்க்கு அது ஒட்டுவதில்லை. மார்கன் டாலர் என்ற அமெரிக்க வெள்ளிக் காசைக் காட்டி ஜார்ஜ் ரூபாயைப் பேசுவது உங்கள் பழக்கம். சென்ற ஆண்டு எட்வர்ட் ரூபாய் விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள், நான் மறக்கவில்லை. வேறு நிறுவனத்தின் ஸ்லாப்பைப் பிரிக்காமலே பிசிஜிஎஸ் நிறுவனத்துக்கு அனுப்பி, "குறைந்தது 65 கிடைத்தால் மட்டும் மாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. உங்கள் 65-இல் நம்பிக்கை இருந்தால் அனுப்புங்கள். வந்த மேனிக்குத் திரும்பி வரும்.

தாமிரபரணி:
போட்டிக் கடைக்காரரையே நடுவராக உட்கார வைத்துவிட்டு, அவர் திருப்பி அனுப்பினார் என்பதைச் சான்றாகக் காட்டுகிறீர்களே, இது என்ன நியாயம்? நீங்கள் விற்பனைக்கு வைத்திருக்கும் ரூபாய்கள் அத்தனையும் பிசிஜிஎஸ் ஸ்லாப்பில் இருப்பதையும் அம்மன்காசு நண்பர் தெரிந்துகொள்ள வேண்டும்.

காவிரிக்கரை:
இருவரும் இரண்டு நாட்களாக 65, 63 என்கிறீர்கள். அந்த ரூபாய்களை யாராவது பார்த்தீர்களா? பாட்டி வைத்திருந்தவை என்கிறார். நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்குவார்கள். அப்படித் துலக்கிய ரூபாயை மேசை விளக்கின் கீழ் பிடித்து மெல்லச் சாய்த்தால், அரசர் முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தில் மயிரிழை போன்ற கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். துலக்காத காசில் ஒளி ஒரு பட்டையாகச் சுழன்று வரும்; துலக்கியதில் அது வராது. கீறல் இருந்தால் இரண்டு நிறுவனங்களுமே 65-உம் போடாது, 63-உம் போடாது. "துலக்கப்பட்டது" என்று எழுதி, எண் இல்லாமல் திருப்பிவிடும். கட்டணமும் அஞ்சல் செலவும் போனது போனதுதான்.

அம்மன்காசு:
ஐயா, பாட்டி ஒவ்வொரு பொங்கலுக்கும் துலக்கியது உண்மைதான். இரண்டு ரூபாய்கள் இருக்கின்றன. ஒன்று ஐந்தாம் ஜார்ஜ், 1918. மற்றொன்று ஆறாம் ஜார்ஜ், 1939. எதை அனுப்பலாம்?

வெள்ளிக்காசு:
1939-ஆ! அது எவ்வளவு அரிய ரூபாய் என்பது தெரிந்தால் என்ஜிசி என்ற பேச்சையே எடுக்க மாட்டீர்கள். அரிய காசுக்குத்தான் எண் முக்கியம். அங்கே 65 என்று வந்தாலும் சந்தையில் அதை 63, மிஞ்சிப் போனால் 64 என்றுதான் மதிப்பார்கள்.

தாமிரபரணி:
நேற்று 63, இன்று 64. இன்னும் ஒரு நாள் பேசினால் 65-க்கே வந்துவிடுவீர்கள்.

அம்மன்காசு, முதலில் அந்த 1939 உண்மையான 1939-தானா என்று பாருங்கள். 1938 ரூபாயின் 8-ஐச் சுரண்டி 9 ஆக்கி விற்பவர்கள் உண்டு. இரண்டுமே 11.66 கிராம், ஆயிரத்துக்கு 917 பங்கு வெள்ளி என்பதால் தராசு அதைக் காட்டிக்கொடுக்காது. பத்து மடங்கு லென்ஸில் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். 9-இன் இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் சுரண்டிய தடம் இருக்கிறதா, அதைச் சுற்றியுள்ள தளம் மற்ற இலக்கங்களைச் சுற்றி இருப்பது போலவே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஐயம் இருந்தால் அனுப்பத்தான் வேண்டும். போலியைக் கண்டுபிடிப்பதில் இரண்டு நிறுவனங்களும் சளைத்தவை அல்ல.

காவிரிக்கரை:
1918 ரூபாயை அனுப்பவே முடியாது. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்புவது குற்றம். புழக்கத்துக்கு அடித்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் 1922-உடன் நின்றுவிட்டதால், அந்த வரிசை முழுவதுமே இப்போது அந்த எல்லைக்குள் வந்துவிட்டது. விக்டோரியா, எட்வர்ட் ரூபாய்களைச் சொல்லவே வேண்டாம். கலிபோர்னியாவில் இருக்கும் பிசிஜிஎஸ் நிறுவனமா, புளோரிடாவில் இருக்கும் என்ஜிசி நிறுவனமா என்று அடித்துக்கொள்வதற்கு முன்னால் இதை அல்லவா அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டும்?

வெள்ளிக்காசு:
எங்கு போனாலும் சட்டப் புத்தகத்தோடு வந்துவிடுகிறீர்கள். வெளிநாட்டு ஏலங்களில் இந்திய ரூபாய்கள் ஸ்லாப்பில் விற்கப்படுவதை நீங்கள் பார்த்ததே இல்லையா?

காவிரிக்கரை:
பல காலம் முன்பே கடல் கடந்த காசுகள் அங்கே ஏராளம். அங்கே விற்கப்படுகிறது என்பதற்காக இங்கிருந்து அனுப்பலாம் என்றாகிவிடாது. உங்கள் பேச்சைக் கேட்டு அந்தப் பிள்ளை பொதியைக் கட்டி, சுங்கத்தில் மாட்டினால் நீங்கள் வந்து நிற்பீர்களா?

அம்மன்காசு:
ஐயா, 1918 ரூபாயை வீட்டிலேயே வைத்துக்கொள்கிறேன். லென்ஸில் பார்த்தேன், 9-க்கு அருகே எனக்கு எதுவும் தெரியவில்லை. துலக்கியிருந்தாலும் 1939-ஐ அனுப்பலாமா?

தாமிரபரணி:
தாராளமாக அனுப்பலாம். எண் கிடைக்காவிட்டாலும் அசல் என்ற சான்று கிடைக்கும்; 1939-க்கு அதுதான் பெரிது. இரண்டில் எந்த நிறுவனமானாலும் சரி.

வெள்ளிக்காசு:
எந்த நிறுவனமானாலும் சரி என்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன். 64 என்று நான் எழுதியதைப் பிடித்துக்கொண்டு வென்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். மிஞ்சிப் போனால் என்றுதான் எழுதினேன். என்ஜிசி 65 என்றால் 63.

தாமிரபரணி:
துலக்கிய காசுக்கு 65-உம் இல்லை, 63-உம் இல்லை என்று காவிரிக்கரை ஐயா எழுதியதைப் படித்தீர்களா, இல்லையா?

வெள்ளிக்காசு:
படித்தேன். நான் பேசுவது துலக்காத காசைப் பற்றி.