தக்காளி டனலுக்கு பம்பிள் தேனீக்குப் பதில் வண்ணத்துப்பூச்சி சரிவருமா?

கேள்வி (நுவரெலியா):
பொலிடனல்ல (பொலித்தீன் கூடாரத்துல) தக்காளி நல்லா பூக்குது, ஆனா பாதிப் பூ காயாகாமலே கொட்டுது. வெளிநாட்டுல பம்பிள் தேனீப் பெட்டி வைக்கிறாங்களாம். அது இங்க இல்லாததால, ஈஸ்வரமூலிக் கொடி நட்டு நம்ம பறவைச்சிறகு வண்ணத்துப்பூச்சியை வரவைச்சா வேலை நடக்குமா? அதுதானே பெருசு?

பதில் 1:
நடக்காது. பெருசா இருந்து என்ன, தக்காளிப் பூவுல தேனே இல்லயே! அந்த வண்ணத்துப்பூச்சி தேன் குடிக்கத்தான் பூவுக்கு வரும். பம்பிள் தேனீக்கு, புழுக்களை வளர்க்க மகரந்தம் வேணும். பெட்டியில வர்ற பம்பிள் தேனீ இனமான பொம்பஸ் டெரெஸ்ட்ரிஸ், பூ நடுவுல இருக்கிற மகரந்தக் கூம்பைக் கடிச்சுப் பிடிச்சு, றெக்கையை அசைக்காம பறக்கிற தசையை மட்டும் அதிர வைக்கும். மகரந்தம் பொலபொலன்னு கொட்டும். கூம்புல மண்ணிறக் கடித்தழும்பு தெரிஞ்சா தேனீ அந்தப் பூவுக்கு வந்து போயிருக்குன்னு அர்த்தம்.

அதே தசையை நடுக்கித்தான் நெஞ்சை 30 பாகைக்கு மேல சூடாக்கும். அதனால 10 பாகைக் குளிர்லயும் பறக்குது. வண்ணத்துப்பூச்சி வெயில் வர்ற வரைக்கும் றெக்கையை விரிச்சு உக்காந்திருக்கும். மூடுபனிக் காலையில அதை நம்ப முடியாது.

பதில் 2:
பெட்டியை இறக்குமதி செய்யிற யோசனையே வேணாம். இலங்கையில இயற்கையா பம்பிள் தேனீ கிடையாது. நாம பார்க்கிற கருவண்டு தச்சுத் தேனீ. 1992ல தாஸ்மேனியாவுல நுழைஞ்ச டெரெஸ்ட்ரிஸ் அங்கேயே பரவிருச்சு. தென் அமெரிக்காவுல உள்ளூர் பம்பிள் தேனீயை ஓரங்கட்டிருச்சு.

தேனீ குடுக்கிற அந்த அதிர்வுக்கு எலெக்ட்ரிக் டூத்பிரஷ் போதும். பூங்கொத்துக் காம்புல ரெண்டு மூணு செக்கன் வைங்க, பூவுல படக்கூடாது. ரெண்டு நாளைக்கு ஒருக்கா, காலை 10 மணிக்குப் பிறகு. ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல இருந்தா மகரந்தம் ஒட்டிக்கும், முதல்ல பக்கத்திரையைத் தூக்கி காத்து விடுங்க. இரவுக் குளிர் 13 பாகைக்குக் கீழ போனா மகரந்தமே சரியா உருவாகாது, அதுக்குத் திரையை மாலையிலேயே இறக்கணும்.

கேள்வி கேட்டவர்:
அப்ப ஈஸ்வரமூலி வீண்தானா?

பதில் 1:
தக்காளிக்கு வீண். பறவைச்சிறகுக்கு வேணும், அதோட புழு அந்தக் குடும்பக் கொடியைத்தான் தின்னும். நம்ம நாட்டுக்கே உரிய இனம், தேசிய வண்ணத்துப்பூச்சியும் அதுதான். ஆனா கோவாப் பாத்திக்குத் தள்ளி நடுங்க. அங்க புழுவுக்கு அடிக்கிற பீ.ரீ. (பக்டீரியா) மருந்து தேனீயை ஒண்ணும் செய்யாது, இந்தப் புழுவைக் கொன்னுரும்.