காய் டாக்: காயப்போட்ட துணி தெரிந்ததா இல்லையா?

ஓடுபாதை13: "ஹாங்காங்கின் பழைய விமான நிலையமான காய் டாக்கில் இறங்கும்போது, மாடிவீட்டில் காயும் சட்டையின் நிறம் வரை ஜன்னலில் தெரியும். புது நிலையமான செக் லாப் கோக்கில் கண்ணாடியும் இரும்பும்தான்" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் சட்டையாவது, நிறமாவது!

கவுலூன்பிரியன்: எழுதியது நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். குன்றில் விமானிக்கு அடையாளமாகத் தீட்டிய சிவப்பு வெள்ளைக் கட்டங்கள் தெரிந்ததும் விமானி வலப்பக்கம் 47 டிகிரி திருப்புவார். வலது இறக்கை கவுலூன் சிட்டி மொட்டைமாடிகள் பக்கம் சாயும். வலப்பக்கம் உட்கார்ந்தவனுக்குத் துணி தெரிந்தது. நீங்கள் நடு சீட்டில் தூங்கியிருப்பீர்கள்.

ஓடுபாதை13: அது 13-ஆம் ஓடுபாதைக்கு மட்டும். 31-இல், அதாவது அதே பாதையின் எதிர் முனையில், இறங்கினால் கடல் பக்கமிருந்து வரவேண்டும். அங்கே துணி காயப்போட்டது யார், மீனா?

கவுலூன்பிரியன்: 31 பற்றி நான் பேசவே இல்லை. துணி தெரிந்தது.

மழைக்காகம்: 1993 நவம்பரில் சைனா ஏர்லைன்ஸ் 747 ஓடுபாதை தாண்டித் துறைமுகத் தண்ணீரில் போய் விழுந்ததே, மறந்துபோச்சா? நல்லவேளை, ஒருவரும் சாகவில்லை. இதற்கு ஏக்கம் வேறு.

கவுலூன்பிரியன்: அதற்கும் துணிக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் புது நிலையம் 1998 ஜூலை 6 திறந்த அன்று பெட்டிக்கு மணிக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். சரக்கு முனையக் கணினி படுத்தே விட்டது. அதையும் எழுதுங்கள்.

மூன்றாம்மாடி: துணிக்குச் சொந்தக்காரர்களை யாராவது கேட்டீர்களா? தலைக்கு மேல் நாள் முழுக்க அந்த இரைச்சல். நீங்கள் ஜன்னலில் ரசித்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

கவுலூன்பிரியன்: ஆக, துணி இருந்தது என்று ஒத்துக்கொள்கிறீர்கள். நன்றி.

மூன்றாம்மாடி: நான் சொன்னது அதுவா?

ஓடுபாதை13: இவரிடம் பேசிப் பயனில்லை. முன்பு சென்னை விமான நிலையம் பற்றிப் போட்ட சண்டையிலும் இதே கதைதான்.

கவுலூன்பிரியன்: பாங்காக்கின் பழைய விமான நிலையம் டான் முவாங் இன்னும் மூடியே கிடக்கிறது என்று அடித்துச் சொன்னவர்தானே நீங்கள்? 2007-இலேயே திரும்பத் திறந்தாச்சு, சார்.

ஓடுபாதை13: பேச்சை மாற்றாதீர்கள். சட்டை என்ன நிறம்?

கவுலூன்பிரியன்: நீலம். கட்டம் போட்டது.

ஓடுபாதை13: நேற்று நிறம் மட்டும், இன்று கட்டமும் சேர்ந்தாச்சு. நாளைக்குப் பொத்தான் கணக்கு வரும்.

கவுலூன்பிரியன்: டான் முவாங்குக்கு இன்னும் பதில் வரவில்லை.